ஒரே நம்பர் வீடுகள்

கண்டிப் பக்கத்தில் இணையத்துக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கு மலையைக் கண்டால் ஆகாது. வெளிநாட்டுக்காரர்கள் வேனை நிறுத்திப் படம் எடுக்கிற அதே மலைதான். கம்பியில்லாமல் இணையம் கொடுப்பதென்றால், ஒரு சுவரில் பூட்டிய பெட்டியும் அடுத்த சுவரில் பூட்டிய பெட்டியும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது. இங்கேயோ வாசலில் நின்றால் ஒரு பக்கத்து வீட்டின் கூரை காலடியில் கிடக்கும், மற்றப் பக்கத்து வீட்டின் கக்கூஸ் தலைக்கு மேலே இருக்கும். பதினாறு வருடமாக இந்த மலைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறேன். கண்டி நகரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். தனியார் அலுவலகம்தான்; நாங்கள் மொத்தம் ஆறு பேர்.

நான் சொல்லப்போகிற ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஆற்றங்கரை ஊர். ஊர் முழுவதற்கும் இணையம் கொடுக்கும் அந்த ஊர் நகர சபையின் திட்டம் எங்கள் கைக்கு வந்தபோது, அது நான் பிறந்த ஊர் என்பது கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

திட்டம் வந்ததற்குக் காரணம் அந்தப் பெருமழை. மலை சரிந்து வீதிகள் அறுந்தன, மின்சாரம் போனது, அதோடு கைத்தொலைபேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. நான் கட்டுகஸ்தோட்டையில், மேட்டில், மாடி வீட்டில் இருந்தேன். என் அண்ணன் அந்த ஊரில், ஆற்றுக்கு மிக அருகில், சபைத் தொழிலாளர் லயத்தில் இருந்தார். நான்கு நாள் அவருடைய போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். வீதி இல்லாததால் போகவும் முடியவில்லை. ஐந்தாம் நாள் அவரே எடுத்தார்.

"இருக்கோம்" என்றார். "தண்ணி மூணாவது படி வரைக்கும் வந்துச்சு. யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லல. நாங்களாத்தான் பார்த்துக் கதவு கதவா தட்டி, எல்லாரையும் மேட்டுல ஏத்துனோம். ஆளு சேதம் இல்ல."

நான் அழுதேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சார்ஜ் போயிரும், வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த மழைக்கு முன்னால் ஏதாவது செய்ய வேண்டும் என்று சபை எழுந்து உட்கார்ந்ததன் பலன்தான் இந்தத் திட்டம். சபைக் கந்தோர், சந்தை, பஸ் நிலையம், வைத்தியசாலை, வீடுகள் உள்ள வீதிகள், எல்லாவற்றையும் சூரிய வெளிச்சத்தில் ஓடும் பெட்டிகளால் இணைப்பது. சாதாரண நாளில் சனங்கள் அதில் இலவசமாக இணையம் பார்க்கலாம், பிள்ளைகள் படிக்கலாம், சபைக்குப் போகாமலே விண்ணப்பம் போடலாம். கோபுரங்கள் செத்துப்போகிற நாளில் ஊருக்குள் செய்தி நிற்காமல் ஓடும். ஆறு ஏறினால் பெட்டி இருக்கிற வீதியில் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் கத்தும். எத்தனை பெட்டி என்பதற்கு ஒரே ஒரு கணக்கு: இருபது வீடு இருந்தால் ஒரு பெட்டி. அதற்குக் குறைந்தால் இல்லை.

நல்ல திட்டம். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அதைக் கெடுத்தவள் நான்.

சபை லயம் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் ஊரைக் கூட்டவும் கக்கூஸ் வாளி அள்ளவும் கொண்டுவந்து இருத்திய தமிழ்க் குடும்பங்களுக்காகக் கட்டிய அறைகள் அவை. வாளிக் காலம் போய்விட்டது. அறைகள் போகவில்லை, அந்தப் பெயரும் போகவில்லை. வீட்டில் ஒருவராவது சபையில் வேலை செய்தால்தான் அறை நமக்கு. எங்கள் அப்பா இறந்தபோது அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கினார். அவர் அன்று சாக்கடைக் கான் வெட்டப் போகாவிட்டால் அம்மாவும் நானும் தெருவில்தான் நின்றிருப்போம்.

நான் தெருவில் நிற்கவில்லை. பெரிய பாடசாலைக்குப் போனேன். லயத்து விலாசத்தைப் போட்டால் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்கமாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையா பொய்யா என்று பரீட்சித்துப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இருக்கவில்லை. அம்மா சமைக்கப் போன கட்டுகஸ்தோட்டை வீட்டுக்காரர்கள், ஒரு கத்தோலிக்கக் குடும்பம், தங்கள் விலாசத்தைத் தந்தார்கள். தங்கிப் படிக்க ஓர் அறையும் தந்தார்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வேலை விண்ணப்பம், கலியாணப் பதிவு, எல்லாவற்றிலும் அந்த விலாசம்தான். என் கணவருக்கு விசயம் தெரியும். அவர் வீட்டாருக்குத் தெரியாது.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. படித்து வெளியே போன பிள்ளையை ரோட்டில் கண்டால் கூப்பிடமாட்டார்கள். சிரிக்கவும் மாட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார நேர்ந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். இது கோபமில்லை, பொறாமையுமில்லை. அந்தப் பிள்ளைக்குச் செய்கிற மரியாதை. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவுமில்லை. நல்லது கெட்டதுக்கு வீட்டுக்குள் வந்தால் மடியில் வைத்துத் தாங்குவார்கள். வாசலைத் தாண்டினால் யாரோ எவரோ. என் அண்ணன் இந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அம்மா இறந்தபோது போனேன். சபையிலிருந்து ஓவசியர் வந்திருந்தார், தொழிலாளர்களை மேய்க்கிற அதிகாரி. என் சேலையையும் கைப்பையையும் பார்த்துவிட்டு இது யார் என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணன் ஒரு கணமும் தயங்காமல், அம்மா சமைத்த வீட்டு நோனா, எஜமானியம்மா, என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். பெற்றவள் கிடக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆட்டினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

இப்போது நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

சபை தன் கடமைக்கு ஒரு வீட்டுப் பட்டியலைத் தந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் சபை கொடுத்த வரி இலக்கமும் குடும்பத் தலைவரின் பெயரும் அதில் இருந்தன. வரிப்பண நம்பர் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அப்படிப்பட்ட பட்டியல்களில் ஒரே வீடு இரண்டு தரம் வருவது வழக்கம்: தகப்பன் பெயரில் ஒன்று, தகப்பன் போன பிறகு மகன் பெயரில் இன்னொன்று. அதைத் துப்புரவாக்காமல் எண்ணினால் வீடு கூடிவிடும். கணினியில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரே நம்பர் திரும்ப வந்தால் முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிடும். டூப்ளிகேட் எடுப்பது என்போம். அழுத்தினேன். இத்தனை வரி நீக்கப்பட்டது என்று வந்தது. திருப்தியாக இருந்தது. தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.

லயத்துக்குத் தனித்தனி நம்பர் கிடையாது. அறைகள் சபைக்குச் சொந்தம், சபை தனக்குத் தானே வரி போடுவதில்லை. அதனால் முழு லயத்துக்கும் ஒரே ஒரு நம்பர். அந்த நம்பரைச் சின்ன வயதில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். முப்பது வருடமாக எழுதாததால் மறந்துவிட்டேனா, மறக்க வேண்டும் என்று பாடுபட்டு மறந்தேனா, தெரியவில்லை.

பொத்தானோடு நின்றிருந்தால் அதை அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீதி வீதியாக நடந்து பார்த்துக் கையெழுத்தும் போட வேண்டும். நடந்தேன், கால் வீங்க நடந்தேன். ஆற்றங்கரை வீதியில் சபையின் வாகனங்கள் நிற்கும் யார்ட் வரைக்கும் போனேன். யார்டுக்குப் பின்னால் படி இறங்கினால் லயம். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ துணி அடிக்கிற சத்தம் கேட்டது. யாராவது வழக்கத்தை மறந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் திரும்பிவிட்டேன். பட்டியலில் இருக்கிறார்கள்தானே, வரைபடத்தில் தானாக வந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு வீதியும் நடந்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

திட்டத்தைச் சனங்களுக்குக் காட்டுகிற நாள் வந்தது. சபையின் நூலகத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டு வரைபடத்தைச் சுவரில் ஒட்டினோம். பக்கத்தில் பட்டியலையும் தொங்கவிட்டோம். யாரும் வந்து தங்கள் நம்பரைத் தேடி, எந்தப் பெட்டி தங்களுக்கு என்று பார்க்கலாம். கடைக்காரர்கள், வாத்திமார், பள்ளிவாசல் ஆட்கள், பன்சலையிலிருந்து ஒரு பௌத்த சாது, நிறையப் பேர் வந்தார்கள். நான் கதிரையில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வரிசையில் நின்றார். கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. தலை நன்றாக நரைத்திருந்தது. அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. முறை வந்ததும் பட்டியலில் விரலை வைத்து ஒரு வரியைத் தேடிப் பிடித்து, என்னிடம் வந்தார்.

"மிஸ், ஒரு விசயம் கேக்கலாங்களா?"

"சொல்லுங்க" என்றேன்.

"இந்த நம்பர்ல எத்தன வீடுன்னு போட்டிருக்கீங்க?"

பார்த்தேன். எனக்கு அந்தக் கணத்தில்தான் எல்லாம் விளங்கியது. "ஒன்று" என்றேன்.

"பிழைன்னா யாருகிட்ட மிஸ் சொல்லணும்?"

எனக்குப் பாடமான பதில் வாயிலிருந்து தானாக வந்தது. ஆட்சேபனைப் படிவம் இருக்கிறது, அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் நிரப்பித் தர வேண்டும் என்றேன்.

"சொந்தக்காரர் சபைதானுங்களே" என்றார். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே வழி கேட்டார்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், நல்ல உடுப்புப் போட்ட மனிதர், "லயத்து ஆக்களுக்கு இப்ப வைஃபை ஒண்டுதான் குறைச்சல்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். கந்தோரில் என்னோடு வாய் கொடுக்கவே பயப்படுவார்கள். அன்று வாய் திறக்கவில்லை. அண்ணன் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "சரிங்க மிஸ்" என்றுவிட்டு, செருப்பை வாசலில் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் கந்தோரில் பழைய பட்டியலைத் திறந்தேன். அந்த நம்பரில் அறுபத்தைந்து பெயர்கள். பெயர்களை வாசிக்க வாசிக்க முகங்கள் வந்தன. பொத்தான் காப்பாற்றி வைத்திருந்த முதல் வரி, நான் பிள்ளையாக இருந்தபோதே செத்துப்போன ஒரு கங்காணியின் பெயர். உயிரோடு இருக்கிற அத்தனை பேரையும் எடுத்துவிட்டு அவரை மட்டும் வைத்திருந்தேன். அழித்த வரிகளில் அண்ணனுடைய பெயரும் இருந்தது.

மேலதிகாரியிடம் போனேன். அவர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேலையில் கெட்டிக்காரர், மனதிலும் நல்லவர். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் போனேன். பொத்தானை மட்டுமல்ல, நடக்காத வீதியை, ஏன் நடக்கவில்லை என்பதை, எங்கே பிறந்தேன் என்பதை. பொத்தானில் தொடங்கினேன். அவர் அதோடு கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிழ எல்லாருக்கும் வாறதுதான். அதுக்கு ஏன் புள்ள மூஞ்ச இப்பிடி வெச்சீக்கிறீங்க? வெள்ளிக்கிழமதான் ஒப்படைக்கிற. இன்னும் மூணு நாள் ஈக்கி. நம்பர் இல்லாத வீடெண்டா கதவு கதவா போய்ப் படிவம் நிரப்போணும். சபையால ஒரு ஓவசியர் சாட்சிக்கு வருவாரு."

மேசை லாச்சியைத் திறந்து படிவக் கட்டை எடுத்துத் தந்தார். அதில் ஒரு கேள்வியை விரலால் தட்டிக் காட்டினார். ஆய்வு செய்பவருக்கும் இந்த வீட்டாருக்கும் உறவு உண்டா, ஆம் அல்லது இல்லை.

"இத வெறுமையா விட்டுடாதீங்க. வேறொரு ஊருல ஒத்தன் சொந்த மாமாட கடைக்குப் பெட்டி வெச்சிட்டான். அதுக்குப் பொறகு காசு குடுக்கிறவங்க போட்ட கேள்வி. ஒரு தாள்ல ஆம் வந்தாலும் அந்த இடம் முழுக்கத் தள்ளுபடி. வேற ஆள் போய்த் திரும்பச் செய்யோணும். எங்களுக்கிட்ட வேற ஆளும் இல்ல. பொறகு அது அடுத்த கட்டத்துக்குத்தான் போகும்."

"அடுத்த கட்டம் எப்ப?"

"அல்லாஹ்தான் அறிவான்" என்றார்.

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொல்ல ஆசைப்பட்டுப் போயிருக்கிறேன். சொன்னால் பெட்டி போய்விடும். என் மனச்சுமையை இறக்கிவைக்க அறுபத்து நான்கு குடும்பத்தை அடுத்த மழையில் விட முடியாது. படிவக் கட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்குப் போனோம். காலை வேலை முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் அது. சபை அனுப்பியது அதே ஓவசியரை. அம்மாவின் சாவீட்டில் என்னைப் பார்த்தவர். அவருக்கு ஞாபகம் இருந்தது. "மிஸ் முந்தியும் வந்திருக்கீங்கதானே, சமையல்காரம்மாட சாவுக்கு" என்றார், அரைகுறைத் தமிழில். மரியாதையாகத்தான் சொன்னார். ஆம் என்றேன்.

படி இறங்கினேன். தகரங்கள் புதிதாக இருந்தன. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சீமெந்து போட்டிருந்தார்கள். சுவரில் மழைத் தண்ணீர் ஏறி நின்ற அளவு மண்நிறத்தில் ஒரு கோடாக இருந்தது, என் இடுப்பு உயரத்துக்கு. மூன்றாவது படி என்று அண்ணன் போனில் சொன்னது பொய். நான் பயப்படக் கூடாது என்று குறைத்துச் சொல்லியிருக்கிறார்.

ஒருவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அண்ணன் முன்கூட்டியே சொல்லிவைத்தாரா, ஓவசியரைக் கண்டதும் தாங்களாகவே விளங்கிக்கொண்டார்களா, தெரியாது. முதல் வாசலில் என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நின்றாள். "வாங்க மிஸ்" என்றாள். பெயரைக் கேட்டேன். சொன்னாள். பெயரின் எழுத்தைக் கூட்டிச் சொன்னாள், எனக்குத் தெரியாது என்பதுபோல. எத்தனை பேர் என்று கேட்டேன். ஐந்து பேர் என்றாள். உறவு, இல்லை. கையெழுத்து. அடுத்த கதவு.

இப்படியே போனது. ஒவ்வொரு கதவிலும் எனக்குத் தெரிந்த பதிலுக்கே கேள்வி கேட்டேன். அவர்கள் எனக்குத் தெரியாததுபோலப் பதில் சொன்னார்கள். யாரும் கண்ணால்கூட ஒரு சாடை காட்டவில்லை. ஓவசியர் சலிப்பாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். என்னைப் பழிவாங்க நினைத்திருந்தால் அவர்களுக்கு அன்று ஒரு சிரிப்பு போதும். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் வரிசையில் ஒரு கிழவி இருந்தார். நான் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவர். அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் என்னைக் குளிப்பாட்டித் தலைவாரிச் சோறு போட்டவர். கண் மங்கியிருந்தது, ஆனால் குரலில் ஆளைப் பிடித்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. படிவத்தை நிரப்பி முடிந்ததும் கேட்டார்.

"வெயில்ல வந்திருக்கீங்க மிஸ். தண்ணி தரட்டுங்களா? நம்ம வூட்டுல குடிப்பீங்களா?"

அந்தக் கேள்வியை எங்கள் லயத்தில் வெளியாட்களிடம் கேட்பார்கள். கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் கொடுத்துவிட்டு வேண்டாம் என்று கேட்பது அதைவிட அவமானம். அதை என்னிடம் கேட்டார், எனக்குச் சோறு ஊட்டிய அதே வாசலில். நடிப்பைத் தப்பில்லாமல் செய்ய வேண்டும் என்றுதான் கேட்டார். எனக்காகத்தான். "தாங்க" என்றேன். எவர்சில்வர் தம்ளரை முந்தானையால் துடைத்துத் தண்ணீர் தந்தார். முழுவதையும் குடித்தேன். ஓவசியர் தனக்கு வேண்டாம் என்றார்.

எங்கள் வீடு கடைசி வரிசையில் கடைசி. அதற்கு அங்கால் ஆறு. அங்கே வருவதற்குள் ஓவசியருக்கு ஒரு போன் வந்தது. லயத்துக்குள் சிக்னல் சரியாக எடுபடாது என்பதால் பேசுவதற்குப் படிகளில் ஏறி மேலே போனார். அண்ணன் வாசலில் உட்கார ஒரு வாங்கைப் போட்டு வைத்திருந்தார். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே சுவரில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வேறு ஏதோ படம் தொங்கிய இடம் வெள்ளையாக இருந்தது. என்னுடைய பட்டமளிப்புப் படமாக இருக்கும். கழற்றி எங்கேயோ வைத்திருந்தார்கள்.

உட்கார்ந்து படிவத்தைத் தொடையில் வைத்தேன். குடும்பத் தலைவர் பெயர் எழுதினேன். கேட்கவில்லை. எத்தனை பேர் என்று கேட்டேன்.

"மூணு பேருங்க மிஸ். நான், வீட்டுல, மகன்."

போன் இருக்கிறதா, இருக்கிறது. போன மழையில் தண்ணீர் வந்ததா, வந்தது. உறவு உண்டா. பேனை அங்கே நின்றுவிட்டது.

அறுபத்து மூன்று முறை எழுதிய சொல்தான். இதே கையால்தான் எழுதினேன். ஆனால் அந்த அறுபத்து மூன்றும் வாய் உறவு, ஊர் உறவு. சட்டம் கேட்டால் இல்லை என்று சொல்லலாம். இது என் கூடப் பிறந்தவர். எங்கள் அம்மா அந்தப் படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அந்த ஊர் மண்ணில், பகலில், வெளி வாசலில் இருந்து அவரை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம்.

அவர் படிகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். ஓவசியர் இன்னும் மேலேதான் நின்றார். அண்ணன் குனிந்து படிவத்தை வாசித்தார். அவர் நன்றாக வாசிப்பார், எப்போதும் வகுப்பில் முதல் ஆள் அவர்தான். கேள்வியையும் வாசித்தார், அடியில் சின்ன எழுத்தில் இருந்த எச்சரிக்கையையும் வாசித்தார்.

"ஆம்னு போட்டா என்னாகும்?"

"பெட்டி கிடைக்காது. லயத்துக்கே கிடைக்காது."

"அப்புறம் என்னா யோசன? இல்லைன்னு போடு."

போடு என்றார். போடுங்க என்று சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு நான் மிஸ் இல்லை.

இல்லை என்று எழுதினேன். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதை நிதானமாகப் போட்டார். ஓவசியர் இறங்கி வந்து சாட்சிக்குப் போட்டார். பிறகு அண்ணன் எழுந்து நின்று, "போயிட்டு வாங்க மிஸ், படி வழுக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஒப்படைத்தோம். அறுபத்து நான்கு வீட்டுக்கு மூன்று பெட்டி கிடைத்தது. இப்போது அங்கே இருக்கிறது. ஆறு ஏறினால் ஊரில் முதலில் கத்துவது லயத்துப் போன்கள்தான். அண்ணன் வாரத்துக்கு ஒரு தரம் வீடியோவில் கூப்பிடுவார், வீட்டுக்குள்ளிருந்து, கதவைச் சாத்திக்கொண்டு.

நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொல்லும் கடதாசி எங்கேயும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் இருவருக்கும் அம்மா பெயர் ஒன்றுதான்; ஆனால் அவருடையது வேறு தாள், என்னுடையது வேறு தாள். லயத்துப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும், நான் இருக்கமாட்டேன். என் கலியாணப் பதிவில் அவர் சாட்சி இல்லை. எங்கள் இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற தாள் இந்த உலகத்தில் ஒன்றுதான். அது சபையின் கோப்பில் இருக்கிறது. எங்களுக்குள் உறவு இல்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட தாள் அது.